துண்டுக்கு அடியில் பேரம்



மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்பார்கள். அங்கே விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் தம் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்கிறார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசுகின்றன. பிடிக்கிற விரலின் கணக்குப்படி விலை ஏறும், இறங்கும். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஒன்றும் விளங்காது. பேரம் படிந்ததும் கயிறு கை மாறுகிறது.

இதில் ரகசியம் உண்டு. ஆயினும் இதைப் பாவம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏன்? மாட்டுக்குச் சொந்தக்காரனின் விரல் அந்தத் துண்டுக்குள் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவனுக்கு விலை தெரியாமல் போகலாம். மாட்டை வளர்த்தவனுக்குத் தெரியாமல் போகக்கூடாது. அவனுக்கும் தெரியாமல் தரகரும் வாங்குகிறவனும் தங்களுக்குள் விரல் பிடித்துக்கொண்டால், அதற்கு வியாபாரம் என்று பெயரில்லை. திருட்டு என்றே பெயர்.

தேர்தல் காலங்களில் மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடக்கும் பேச்சுவார்த்தைகளைப் பற்றி இன்று சிந்திக்கப் போகிறோம். அதற்கு இந்தச் சந்தைத் துண்டு நமக்கு ஓர் அளவுகோலாக இருக்கட்டும்.

பேரம் எல்லாம் பாவமா?

அரசியல் என்றாலே அழுக்கு, அதில் பேசப்படுவதெல்லாம் சூது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அப்படிச் சொல்வது சுலபம். ஆனால் அது நியாயமன்று. பல பேர் சேர்ந்து வாழும் இடத்தில் விட்டுக்கொடுத்துப் பேசாமல் எந்தக் காரியமும் முடியாது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவதும் பேரந்தான். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசி முடிப்பதும் பேரந்தான். இரண்டு கட்சிகள் கூடி ஓர் அரசை அமைப்பதும் அவ்வாறே.

ரகசியம் எல்லாம் தீமை என்றும் சொல்லிவிட முடியாது. நம்முடைய ஓட்டே ரகசியமானது. அந்தத் திரைச்சீலை எதற்காக இருக்கிறது? பண்ணையாருக்கும் முதலாளிக்கும் பயந்து வாழும் எளியவன் தன் மனச்சாட்சிப்படி முத்திரை குத்தவும், இன்று பொத்தானை அழுத்தவும், அது துணை செய்கிறது. அது எளியவனைக் காக்கும் மறைவு. பூட்டிய அறையின் மறைவோ பெரும்பாலும் வலியவனைக் காக்கிறது. ஆகையால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, “இது ரகசியமா?” என்பதன்று. “யாருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள்?” என்பதே. பொருளுக்கு உரியவனுக்கு மறைத்தால் அது குற்றம்.

ஓட்டு யாருடைய பொருள்? வாக்காளனுடையது. சட்டசபைக்குப் போகிறவர் அதை அடைக்கலமாகப் பெற்றுக்கொண்டு போகிறார். அடைக்கலப் பொருளைக் காக்கலாம், உரியவனின் நன்மைக்குப் பயன்படுத்தலாம். தன் சொந்த நிலத்தைப்போல் விற்கலாகாது.

ஒரு படம் கேட்கும் கேள்வி

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘தி பெஸ்ட் மேன்’ என்றொரு படம் வெளிவந்தது. கோர் விடால் என்ற ஆசிரியர் தம் நாடகத்தைத் தாமே திரைக்கதையாக்கினார். பிராங்க்ளின் ஷாஃப்னர் இயக்கினார். ஜனாதிபதிப் பதவிக்குக் கட்சியின் அபேட்சகர் யார் என்று தீர்மானிக்கும் மாநாடுதான் கதைக்களம். மேடையில் முழக்கங்கள், ஹோட்டல் அறைகளில் பேரங்கள்.

இருவர் போட்டியிடுகிறார்கள். ஹென்றி ஃபோண்டா நடித்த ரஸ்ஸல் படித்தவர், நயமானவர், ஆனால் எதையும் முடிவு செய்யத் தயங்குகிறவர். கிளிஃப் ராபர்ட்சன் நடித்த கான்ட்வெல் எப்படியும் ஜெயித்தாக வேண்டும் என்று நினைப்பவர். ரஸ்ஸலுக்கு முன்பு மனநோய் வந்து சிகிச்சை பெற்ற வைத்தியக் குறிப்புகள் கான்ட்வெல்லின் கையில் சிக்குகின்றன. அவற்றைப் பிரதிநிதிகளிடம் பரப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். அந்த வேளையில் ரஸ்ஸலின் பக்கத்தாருக்கும் ஓர் ஆயுதம் கிடைக்கிறது: கான்ட்வெல்லின் இராணுவ நாட்களைப் பற்றிய ஒரு பழி. அதை வீசினால் எதிராளி அன்றே ஒழிவார்.

“தீயவன் ஆட்சிக்கு வராமல் தடுக்கத்தானே? இந்த ஒரு முறை மட்டும் வீசிவிடு” என்று ரஸ்ஸலைச் சூழ்ந்தவர்கள் நெருக்குகிறார்கள். அவர் தடுமாறுகிறார், மிரட்டிப் பார்க்கிற அளவுக்குங்கூடப் போகிறார். கடைசியில் அந்த ஆயுதத்தை அவர் பயன்படுத்தவில்லை. தமக்கிருந்த ஆதரவு முழுவதையும் மூன்றாவது ஒருவருக்கு, அதிகம் அறியப்படாத ஒரு கவர்னருக்கு, கொடுத்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகுகிறார். கான்ட்வெல்லும் தோற்கிறார்.

ரஸ்ஸல் செய்ததும் ஒரு பேரந்தான் என்பதைக் கவனியுங்கள். தம் ஆதரவாளர்களை இன்னொருவருக்குத் திருப்பிவிட்டார். ஆனால் அதை மாநாட்டில் எல்லாரும் அறியும்படி செய்தார். எந்த வைத்தியக் குறிப்பையும் களவாடவில்லை. எந்த மனிதனின் மானத்தையும் விலையாகக் கொடுக்கவில்லை. தம்மிடம் உண்மையிலேயே இருந்ததை மட்டும் கொடுத்து, அதற்கு விலையாகத் தம் பதவியாசையை இழந்தார். நல்ல நோக்கம் தீய வழியை நல்லதாக்கிவிடாது என்பது நம் வேதபாட வகுப்பிலேயே கற்ற பாடம். அந்தப் பாடத்தைப் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நினைவில் வைத்திருப்பதுதான் கடினம்.

நம் மண்ணில் நடந்தது

அமெரிக்காவுக்குப் போகவேண்டிய அவசியமில்லை. 1952-இல் நம் மண்ணிலேயே இந்தச் சோதனை வந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டம் அன்று தென்னார்க்காடு ஜில்லாவின் ஒரு பாகம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் அப்போது நடந்தது. இந்த ஜில்லாவில் பெருந்தொகையினரான வன்னிய உழவர்கள், படிப்பிலும் உத்தியோகத்திலும் ஆட்சியிலும் தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற குறையோடு இருந்தார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி தென்னார்க்காட்டிலும் சேலத்திலும் நின்றது. எம். ஏ. மாணிக்கவேல் நாயக்கரின் தலைமையில் காமன்வீல் கட்சி வடார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் நின்றது. இரண்டுமே காங்கிரசை எதிர்த்து நின்றவை. அந்தத் தேர்தலில் போட்டியிடாத திராவிட முன்னேற்றக் கழகம், தன் திராவிட நாட்டுக் கோரிக்கைக்குச் சட்டசபையில் துணைநிற்பதாக எழுதிக்கொடுத்தவர்களுக்கு ஆதரவு தந்தது. இவ்விரு கட்சிகளுக்கும் அந்த ஆதரவு கிடைத்தது.

உழைப்பாளர் கட்சிக்குச் சட்டசபையில் 19 இடங்களும், காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் கிடைத்தன. அன்றைய சென்னை ராஜ்யச் சட்டசபையில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்கு வந்தவை 152. பெரும்பான்மை யாருக்கும் இல்லை. கம்யூனிஸ்டுகளும் பிறரும் சேர்ந்து டி. பிரகாசத்தின் தலைமையில் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, தங்களுக்கு 166 பேர் உண்டு என்றார்கள். தேர்தலில் நிற்காத இராஜாஜியைக் கவர்னர் ஸ்ரீ பிரகாசா மேல்சபைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10-இல் இராஜாஜி முதன்மந்திரியானார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அந்த மந்திரிசபையில் இடம்பெற்றார். 1954 ஏப்ரலில் காமராஜர் எட்டுப் பேர் கொண்ட மந்திரிசபையை அமைத்தபோது மாணிக்கவேல் நாயக்கரோடு இராமசாமிப் படையாட்சியாரும் மந்திரியானார். பின்னர் அவ்விரு கட்சிகளும் காங்கிரசோடு கலந்தன.

இதை எப்படித் தீர்ப்பிடுவது? அவசரப்படாமல் இரு பக்கத்தையும் கேட்போம்.

ஒரு பக்கத்தார் சொல்வார்கள்: “அந்த உழவர்கள் ஓட்டுப் போட்டது எதற்காக? ஆட்சியில் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. இடம் கிடைத்தது. எதிர்க்கட்சிப் பெஞ்சில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? தலைவர்கள் ஓட்டை விற்கவில்லை; ஓட்டின் பலனை வாங்கிக் கொடுத்தார்கள்.” இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று. பல ஆண்டுகளுக்குப் பின் 1980-இலும் 1984-இலும் திண்டிவனம் தொகுதி மக்கள், காங்கிரஸ் அபேட்சகராக நின்ற படையாட்சியாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பதையும் நினைக்கவேண்டும்.

மறுபக்கத்தார் சொல்வார்கள்: “காங்கிரசை எதிர்த்துப் போட்ட ஓட்டு எப்படிக் காங்கிரஸ் மந்திரிசபைக்குத் தூணாயிற்று? கொடுத்த கையெழுத்து என்ன ஆயிற்று? ஓட்டுப் போட்டவனை யார் கேட்டார்கள்?” இதுவும் வலுவான வாதந்தான்.

நம் அளவுகோலைக் கையில் எடுப்போம். தேர்தலுக்குப் பின் கூட்டுச் சேர்வது குற்றமன்று; எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாதபோது அது கடமையாகவும் ஆகலாம். கம்யூனிஸ்டுகளின் ஆட்சியைத் தடுக்கவேண்டும் என்று அன்று பலர் மனப்பூர்வமாகவே நம்பினார்கள். நோக்கத்தில் குறை காண வேண்டியதில்லை. கூடிச் சேர்ந்த விதத்தைத்தான் பார்க்கவேண்டும். அடைக்கலப் பொருளின் சொந்தக்காரனிடம் திரும்பிப் போய், “நீ இதற்காகக் கொடுத்தாய், நிலைமை இப்படி ஆகிவிட்டது, நான் இன்னதைச் செய்ய நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கும் கடமை ஒன்று உண்டு. ஊர்தோறும் கூட்டம் போட்டுக் கேட்கலாம். பதவியை விட்டு மறுபடி தேர்தலில் நின்றும் கேட்கலாம். அந்தக் கடமையைச் செய்யாமல் போகிறவர், நன்மையையே வாங்கி வந்தாலும், பிறன் பொருளைப் பேசி முடித்தவராகவே ஆகிறார். மனிதர்களின் ஆன்மாவைத் தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை. செயலை எடைபோட அதிகாரம் உண்டு. அதுவும் நாளை நாம் அதே நிலைமையில் நின்றால் எப்படி நடப்போம் என்று அறிவதற்காக.

சட்டம் வெகு காலம் கழித்து வந்தது. 1985-இல் அரசியல் சாசனத்தின் 52-ஆவது திருத்தத்தால் கட்சித் தாவலுக்குத் தடை உண்டாயிற்று. 2003-இல் 91-ஆவது திருத்தம் அதை இறுக்கியது. ஆயினும் ஒரு சட்டசபை உறுப்பினர் தனியே தாவினால் பதவி போகும். ஒரு கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணைந்தால் போகாது. சட்டம் தலையை எண்ணுகிறது. மனச்சாட்சிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஒருவர் செய்தால் துரோகமாகும் காரியம், இருபது பேர் கூடிச் செய்வதால் தருமமாகிவிடுமோ?

கதவைத் திறந்து வைத்தவர்

திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரை நாம் மறக்கலாகாது. அவ்வூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். சுதந்திரம் வந்த நாளில் அந்தப் பதவியில் இருந்த விவசாயி அவர். சொந்தக் கட்சியின் சட்டசபை உறுப்பினர்கள் சிபாரிசோடு வந்து நிர்வாகத்தில் கைவைப்பதை அவர் சகிக்கவில்லை. அதனால் கட்சிக்குள்ளேயே பகை வளர்ந்தது. முடிவில் அவர் பதவியை விட்டு இறங்கினார். பிற்காலத்தில் வடலூரில் தங்கித் தருமப் பணிகளில் ஈடுபட்டு, 1970-இல் காலமானார்.

“பார்த்தீர்களா, நேர்மையாக இருந்தால் இரண்டு வருஷந்தான்” என்று சிலர் சிரிப்பார்கள். அந்த இரண்டு வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்ட சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் 1947-இல் நிறைவேறின. ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. பேரம் பேசாதவரால் காரியம் ஆகாது என்ற பேச்சுக்கு இவையே பதில். நேர்மைக்கு விலை உண்டு என்பது மெய்தான். அந்த விலையைத் தாமே கொடுத்தார். மக்கள் தலையில் கட்டவில்லை.

நம் வீட்டுத் துண்டு

இதுவரை மந்திரிகளைப் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டுக்குள் வருவோம். தலைவர்கள் மாத்திரமா துண்டு போடுகிறார்கள்?

ஓட்டுக்குப் பணம் பரவியதென்று 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017-இல் சென்னை ஆர். கே. நகரிலும், 2019-இல் வேலூர்ப் பாராளுமன்றத் தொகுதியிலும் அவ்வாறே நிறுத்திவைத்துப் பிறகு நடத்தினார்கள். தமிழருக்கு இது பெருமையா? கொடுப்பவர் மட்டுமல்லர், வாங்குபவரும் சட்டத்தின் முன் குற்றவாளியே. ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. பிடிபடுகிறவர் சொற்பம் என்பதால் நாம் அதை மறந்துவிடுகிறோம்.

இங்கே நல்ல மனமுடைய ஏழைகளையே குழப்பும் ஒரு கேள்வி உண்டு. “காசு வாங்கிவிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். வாங்கின கைக்கு வஞ்சகம் செய்யலாமா?” விளக்கின்மேல் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறவர்கள் இந்த நல்ல மனத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். எளியவனின் நன்றியுணர்ச்சியையே அவனுக்கு விலங்காகப் பூட்டுகிறார்கள்.

இதற்கு மறுமொழி தெளிவானது. தகாத காரியத்துக்காகக் கொடுத்த வாக்கு ஒருவனையும் கட்டாது. பிறன் வீட்டில் கன்னம் வைக்க வருகிறேன் என்று முன்பணம் வாங்கியவன், சொன்ன சொல் தவறக்கூடாதென்று சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. ஆகவே பணம் வாங்கியவரும் தம் மனச்சாட்சிப்படியே ஓட்டுப் போடவேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் அது உத்தமம். அதனால் ஆபத்து வருமென்றால் அது ஓர் ஏழையின் கைக்குப் போகட்டும்.

“அப்படியானால் எல்லாக் கட்சியிடமும் வாங்கிக்கொண்டு இஷ்டப்படி போடலாமே” என்று ஒருவர் சாமர்த்தியம் பேசலாம். அது சாமர்த்தியமன்று. ஓர் ஓட்டைப் பல பேருக்கு விற்றதாகப் பாவனை செய்வதும் ஏமாற்றுதான். அன்றியும், கொடுத்தவர் அந்தப் பணத்தைப் பிறகு எங்கிருந்து எடுப்பார்? நம் தெருச் சாலையிலிருந்தும், நம் பிள்ளையின் பள்ளிக்கூடக் கூரையிலிருந்தும், நம் ஏரியின் மதகிலிருந்தும் எடுப்பார். நம் பொருளையே நமக்கு விலையாகக் கொடுத்து நம்மையே வாங்குகிறார்.

இன்னும் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று குடும்பத்தில் இருக்கிறது. “எங்கள் வீட்டில் ஐந்து ஓட்டு” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் தகப்பனார், மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும் கேட்டாரா? அந்த ஐந்தில் அவருடையது ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் கூடிப் பேசலாம், வாதிடலாம், புத்தி சொல்லலாம். பேசி முடித்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை.

மற்றொன்று ஊரிலும் சபையிலும் இருக்கிறது. தெருவின் ஓட்டை மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்று ஜாதித் தலைவர் பேசுவது தவறென்றால், “எங்கள் பங்கில் இத்தனை கிறிஸ்தவ ஓட்டு” என்று சங்கத் தலைவரோ உபதேசியாரோ பேசுவதும் தவறே. ஓர் அபேட்சகர் கெபிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருகிறேன், கல்லறைத் தோட்டத்துக்குப் பாதை போட்டுத் தருகிறேன் என்று வந்து நின்றால் நம் மனம் இளகத்தான் செய்யும். காரியம் நல்ல காரியமாயிற்றே! ஆனால் அந்தச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் கேளாமல் எடுத்த ஓட்டினால் ஆனதாக இருக்கும். நியாயமான கோரிக்கையை எல்லா அபேட்சகரிடமும் பகிரங்கமாகக் கேட்கலாம். மனுக் கொடுக்கலாம். கட்டிக் கொடுத்தால் நன்றி சொல்லலாம். பதிலுக்குப் பங்கு மக்களின் ஓட்டை வாக்களிக்க எவராலும் ஆகாது.

அடுத்த தேர்தலுக்கு முன் வீட்டில் இராச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாரும் கூடியிருக்கும்போது மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள். நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர், சென்ற முறை நம்மைக் கேளாமல் எதைப் பேசி முடித்தார்? இந்த முறை யாரோடு சேர்வார், யாரோடு சேரமாட்டார் என்று இப்போதே வாய்விட்டுச் சொல்வாரா? நம் வீட்டில் ஒருவருடைய ஓட்டையாவது இன்னொருவர் பேசி முடித்திருக்கிறாரா?

முதல் இரண்டு கேள்விகளை, வாசலுக்கு வரும் அபேட்சகரிடம் பயமின்றி, மரியாதையாகக் கேளுங்கள். ஐயா என்றே அழைத்துக் கேளுங்கள். பத்து வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தால் பதினோராவது வீட்டுக்கு அவர் பதிலோடு வருவார். மூன்றாவது கேள்விக்குப் பதில் நம்மிடமே இருக்கிறது. அதற்கு யாரையும் காத்திருக்க வேண்டியதில்லை.